நம் வாயில் கற்ற கல்வி நம் வாய்மொழிக்கு வரட்டும்

(தமிழ் அறிவியல் அரங்கொன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பல்லீற்று நோயை மூலக்கூற்று அளவில் கண்டறிதலும் ஆற்றுதலும் என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். இத்தகைய பொருளைத் தமிழில் பேச முடியுமா என்று ஐயுறுவார் இன்றும் உளர். முடியும் என்பதைப் பேசிக் காட்டினால் போதும். அதற்கெனத் தனியே ஒரு வழக்காடல் வேண்டுவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஈற்றுநோயைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பவற்றுள் ஒரு பெரும்பகுதி, தமிழ்த் தொழிலாளரின் வாயைப் பார்த்துக் கற்றது. அங்ஙனம் கற்ற அறிவு, அத்தொழிலாளரின் மொழிக்கு இன்னும் முறையாகத் திரும்பி வரவில்லை. இக்கடனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஈறு என்னும் தமிழ்ச்சொல் பல்லைச் சூழ்ந்த தசையையும் குறிக்கும், முடிவையும் குறிக்கும். ஈறு கெட்டால் பல்லுக்கு ஈறு. ஒரு பல் மருத்துவன் ஒரு மணிநேரம் விளக்க வேண்டியதை நம் மொழி இரண்டெழுத்தில் அடக்கி வைத்திருக்கிறது. பல் சொத்தையாகி விழுவது ஒரு வகை. சொத்தையே இல்லாத நல்ல பல், வேர்ப்பிடிப்பு இழந்து ஆடி விழுவது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு ஈற்றுநோயே தலையாய கரணியம். "அகவையாகிவிட்டது, பல் ஆடுகிறது" என்று நம்மவர் அதனை ஊழின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். அது முதுமையன்று, நோய். உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான ஈற்றுநோய் உடையார் உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோர். அகவை நிறைந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்.

நோய் வரும் வழி

பல்லின் மேல் நாள்தோறும் ஒட்டும் வழவழப்பான படலத்தை வெறும் உணவெச்சம் என்று எண்ணற்க. அது நுண்ணுயிர்கள் கூடி வாழும் ஊர். 1683ஆம் ஆண்டு, ஆலந்து நாட்டு அந்தோனி வான் இலீவன்கூக்கு என்பார், தம் பல்லிடுக்கில் சுரண்டிய வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் உயிர்கள் நெளிந்தோடுவதை இலண்டன் அரசக் கழகத்துக்கு எழுதினார். மாந்தன் தன் வாயில் வாழும் நுண்ணுயிரைக் கண்டு எழுதி வைத்த முதல் காட்சிகளுள் அது ஒன்று.

அந்தப் படலமே ஈற்றைக் கெடுக்கிறது என்பதை ஐயமற நாட்டியது 1965ஆம் ஆண்டு ஆய்வு. நார்வேயில் பிறந்த அரால்டு லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும், டென்மார்க்கின் ஆர்கூசு நகரில் நல்ல ஈறுடைய பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் பன்னிருவர்க்கும் ஈறு சிவந்து அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு கிழமையில் அழற்சி நீங்கியது. ஆக, ஈற்றழற்சி வருவதும் நம் கையில். போவதும் நம் கையில்.

ஆனால் அழற்சி ஈற்றோடு நின்றுவிட்டால்தான் அது முற்றும் மீளும். அழற்சி உள்ளிறங்கிப் பல்லை எலும்போடு கட்டும் நார்களை அறுத்து, தாடையெலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், இழந்தது தானாகத் திரும்பாது. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் பள்ளம் ஆழமாகிறது. அப்பள்ளத்தில் படலம் தேங்கிக் காரையாக இறுகுகிறது. காரையின் மேல் புதுப்படலம் ஒட்டுகிறது. யாருக்கு அழற்சி ஈற்றோடு நிற்கும், யாருக்கு எலும்புக்கு இறங்கும்? இவ்வினாவுக்கு விடை தேடித்தான் ஆய்வாளர் இலங்கைக்கு வந்தனர்.

மலையகம் தந்த விடை

ஈற்றுநோய் எவர் தலையீடுமின்றித் தன் போக்கில் விடப்பட்டால் என்னவாகும் என்பதை அறிய லோ விரும்பினார். அதற்கு இருவேறு மக்களைத் தேர்ந்தார். 1969இல் நார்வேயின் ஓசுலோ நகரில் மாணவரும் கல்வியாளருமாகிய ஆடவர் 565 பேர். 1970இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் ஆடவத் தொழிலாளர் 480 பேர். முன்னவர் பல் மருத்துவம் நன்கு வேரூன்றிய நாட்டினர். பின்னவர்க்குப் பல் துலக்கும் தூரிகையே தெரியாது. எந்தப் பல் நலத் திட்டமும் அவர்களை எட்டியதில்லை என்று ஆய்வேடே சொல்கிறது.

அந்தத் தொழிலாளர் யாவர்? தமிழர். கடந்த நூற்றாண்டுகளில் திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பக்கங்களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்குமாகக் கடல் கடத்திக் கொண்டு செல்லப்பட்டவரின் வழியினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எந்த நாட்டுக்கும் உரியர் அல்லர் என்று அரசுகள் அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், அறிவியல் அவர்களின் வாயைத் திறந்து பார்த்து அளந்துகொண்டிருந்தது.

1970 முதல் 1985 வரை பதினைந்து ஆண்டுகள் இவ்வாய்வு தொடர்ந்தது. இறுதிக் கணக்கில் எஞ்சியோர் 161 பேர். 1986இல் முடிவுகள் வெளிவந்தன. ஏறத்தாழ எல்லார் பல்லிலும் படலமும் காரையும் ஒருபடித்தாய் மிக்கிருந்தன. எல்லார் ஈறும் அழன்றிருந்தன. ஆனால் அழிவு ஒன்றாயில்லை. நூற்றுக்கு எண்மர்க்கு நோய் பாய்ந்து சென்றது. எண்பத்தொருவர்க்கு இடைநிலை விரைவில் சென்றது. பதினொருவர்க்கு ஈற்றழற்சிக்கு மேல் நோய் செல்லவே இல்லை. முப்பத்தைந்து அகவையில், பாய்ந்த பிரிவினர் பற்பிடிப்பில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இழந்திருந்தனர், இடைநிலையினர் 4, மூன்றாம் பிரிவினர் ஒன்றுக்கும் குறைவு. பாய்ந்த பிரிவினர் நாற்பத்தைந்து அகவைக்குள் எல்லாப் பற்களையும் இழந்துவிட்டனர்.

எண்ணிப் பாருங்கள், பெருமக்களே! உழைப்பு ஒன்று, உணவு ஒன்று, குடியிருந்த வரிசை வீடும் ஒன்று, பல்லின் மேல் படிந்த அழுக்கும் ஒன்று. அழிவு மட்டும் ஏன் மூவேறாயிற்று? அழுக்கு மட்டுமே கரணியமாயின் அனைவரும் ஒருங்கே அல்லவா பல்லிழந்திருக்க வேண்டும்? நுண்ணுயிர் நோயைத் தொடங்குகிறது; அதன் விரைவையும் ஆழத்தையும் அறுதியிடுவதில் அவரவர் உடலின் மறுமொழிக்குப் பெரும்பங்கு உண்டு. இவ்வுண்மையை உலகுக்கு உறுதியாக உணர்த்திய சான்றுகளுள் தலையாயது, மலையகத் தமிழரின் வாய். இன்றும் ஈற்றுநோய் பற்றிய பாடநூல்கள் இவ்வாய்வைச் சுட்டிச் செல்கின்றன. 2010இல் மீண்டும் தேடிச் சென்று, அம்மக்களுள் 75 பேரை ஆய்ந்து, நாற்பதாண்டுக் கணக்காக 2017இல் வெளியிட்டனர்.

இதனை ஒரு குற்றச்சாட்டாக நான் முன்வைக்கவில்லை. பல் துலக்காமையை அவர்களுக்கு ஆய்வாளர் கற்பிக்கவில்லை; அங்கிருந்த இன்மையைத்தான் அவர்கள் அளந்தனர். அந்த இன்மையை உண்டாக்கிய பொறுப்பு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அம்மக்களின் உழைப்பை உறிஞ்சியவர்களையும் ஆண்டவர்களையும் சேரும். எனினும் கடன் கடனே.

உடலுக்குள் நடக்கும் போர்

இனி, மூலக்கூற்றுக்கு வருவோம். ஒரு பொருளின் தன்மை கெடாமல் நிற்கும் மிகச் சிறு கூறே மூலக்கூறு. நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட அச்சொல்லையே நானும் ஆள்கிறேன். நம் உடலில் உள்ள புரதங்கள், செயல்களை விரைவுபடுத்தும் நொதிகள், மரபுச் செய்தியைத் தாங்கும் மரபணு இழைகள் ஆகிய யாவும் மூலக்கூறுகளே. "அழிவு ஏன் மூவேறு?" என்னும் வினாவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஈற்றில் விடை இல்லை, இம்மூலக்கூறுகளில்தான் இருக்கிறது.

முதலில் பகைவன் பக்கம். மாந்தர் வாயில் காணப்படும் நுண்ணுயிர் இனங்கள் ஏறத்தாழ எழுநூறு. இவற்றுட் பல ஆய்வகத்தில் வளர்க்கவே வாராதவை. வளர்க்காமலே, மரபணு இழையின் அடையாளத்தைக் கொண்டு அவற்றை இனங்காணும் முறை வந்தபின் காட்சி தெளிந்தது. 1998இல், பாசுட்டன் நகரின் போர்சைத்து நிறுவனத்தில் சொக்ரான்சுக்கி என்பாரும் அவர்தம் குழுவினரும், 185 பேரிடமிருந்து எடுத்த 13,261 படலக்கூறுகளை அம்முறையால் ஆய்ந்து, எந்த நுண்ணுயிர் எதனோடு கூடி வாழ்கிறது என்று வகுத்தனர். ஆழ்ந்த பள்ளங்களில் ஒன்றாகக் காணப்பட்ட மூன்றினைச் செங்குழு என்று அழைத்தனர். அவற்றுள் முதன்மையானது போர்பைரோமோனாசு சிஞ்சிவாலிசு என்பது.

இந்நுண்ணுயிரின் சூழ்ச்சி விந்தையானது. 2011இல் வெளியான எலி ஆய்வொன்றில், இது மிகச் சிறு தொகையில் இருந்தே, அதுவரை தீங்கின்றி வாழ்ந்த பிற நுண்ணுயிர்களின் ஊரையே கெடுத்து, எலும்பைக் கரைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது காணப்பட்டது. வேறு நுண்ணுயிர் எதுவுமின்றி வளர்க்கப்பெற்ற எலிகளில் இதனை மட்டும் விட்டபோதோ, எலும்பு கரையவில்லை. ஒரு வீட்டைத் தானாக இடிக்க இயலாத கோள்மூட்டி, ஊரைத் தூண்டிவிட்டு இடிப்பது போன்றது இது.

அடுத்து நம் பக்கம். நுண்ணுயிர் பெருகியதும் குருதியிலிருந்து வெள்ளணுக்கள் ஈற்றுக்கு விரைகின்றன. அவை காவற்படை. ஆனால் படை கூடிய இடத்தில் பயிரும் மிதிபடும். திசுக்களுக்குள் வழி செய்துகொண்டு செல்ல அவ்வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகளுள் ஒன்று, எம்.எம்.பி.-8 என்று உலகம் வழங்குவது. நார்ப்புரதத்தை வெட்டுவது அதன் தொழில். ஆகவே நாம் அதனை நார்வெட்டி நொதி எனலாம். அளவோடு சுரந்தால் பழுது நீக்கும். அளவு கடந்து, ஓயாமல் சுரந்தால் பல்லைக் கட்டிய நாரையே அறுக்கும்.

எலும்பின் நிலையும் அதுவே. நம் எலும்பு கல்லன்று. நாள்தோறும் சிறிது கரைக்கப்பட்டும் சிறிது கட்டப்பட்டும் நிற்பது. கரைக்கும் உயிரணுக்களை ஏவும் புரதம் ஒன்று உண்டு; அந்த ஏவலைத் தடுக்கும் புரதமும் உண்டு. 1997, 1998ஆம் ஆண்டுகளில் இவை தெளிவாகக் கண்டறியப்பெற்றன. அழற்சி நீடித்தால் ஏவற்புரதம் மிகுந்து தடைப்புரதம் குறைகிறது; கட்டுவோர் ஓய, கரைப்போர் ஓங்குகின்றனர். தாடையெலும்பு இறங்குகிறது. பல்லின் கீழ் நிலம் கரைவதை உடையவர் உணரார். ஏனெனில் பெரும்பாலும் வலி இல்லை. வலியில்லாமையே இந்நோயின் பெரும் நஞ்சு.

கண்டறிதலில் வந்த மாற்றம்

பல் மருத்துவர் ஈற்றுப் பள்ளத்தில் அளவுகோலிட்ட மெல்லிய கம்பியை நுழைத்து ஆழம் பார்ப்பார். ஊடுகதிர்ப் படத்தில் எலும்பின் அளவு பார்ப்பார். இவ்விரண்டும் இன்றியமையாதவை, இன்றும் இவையே அடிப்படை. ஆனால் இவை இதுவரை இழந்ததைச் சொல்லுமேயன்றி, இப்போது நெருப்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று சொல்லா. எரிந்த வீட்டின் கரியை அளப்பது வேறு. புகையை மோப்பம் பிடிப்பது வேறு. மூலக்கூற்று ஆய்வு, புகையை மோப்பம் பிடிக்கும் முயற்சி.

அவ்வகையில் நன்கு வளர்ந்திருப்பது நார்வெட்டி நொதி ஆய்வு. பின்லாந்தின் எல்சிங்கி நகர ஆய்வாளர் இத்துறையில் நெடிதுழைத்தனர். நீரால் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்த நீரை ஒரு சிறு பட்டையில் இட்டால், செயலூக்கம் பெற்ற நார்வெட்டி நொதி குறித்த அளவைத் தாண்டியுள்ளதா என்பதைச் சில மணித்துளிகளில் கோடு காட்டும். அவ்வளவு, ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராம். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோகிராம். கரு உண்டானதைக் காட்டும் பட்டை ஆய்வை நம் மகளிர் அறிவர்; ஏறத்தாழ அதே முறைதான் இதுவும்.

மரபணு இழையைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் முறையை 1983இல் கேரி முல்லிசு கண்டார். 1993இல் நோபல் பரிசு பெற்றார். மகுடைத் தொற்றின்போது மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்களே, அவ்வாய்வின் அடிப்படையும் அதுவே. ஈற்றுப் பள்ளத்தில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு உள்ளது என்பதை அதே முறையால் அறியலாம்.

இனி, ஓர் எச்சரிக்கை. மூலக்கூறு என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடக் கூடாது. 1997இல், அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தின் மரபணு வேறுபாடு கடும் ஈற்றுநோயோடு தொடர்புடையது என்று ஓர் ஆய்வு கூறியது. அதைக் கொண்டு மரபணு ஆய்வுப் பொருளும் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பல்வேறு மக்களிடையே நடந்த ஆய்வுகளில் அத்தொடர்பு ஒருபடித்தாய் நிற்கவில்லை. பொதுவான ஈற்றுநோயைப் பொறுத்தவரை, "உன் பல் விழும்" என்று அறுதியிட்டுக் கூறும் ஒற்றை மரபணு எதுவும் இல்லை. மாறாக, மிக அரிதான ஒரு நோய் உண்டு: உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும், பாற்பல்லும் முளைத்த சில ஆண்டிலே விழும், நிலைப்பல்லும் அவ்வாறே விழும். அதற்கு ஒற்றை மரபணுவின் பழுதே கரணியம் என்று 1999இல் கண்டனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படி வந்தால்தான் அது தோன்றும். ஆகவே நெருங்கிய உறவில் மணம் புரிவோர் பிள்ளைகளுக்கு வாய்ப்பு மிகுதி. அக்கைமகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நாம் இதனை அறிந்திருத்தல் நன்று.

நுண்ணுயிர் ஆய்வாயினும் நொதி ஆய்வாயினும், மருத்துவரின் கையும் கண்ணும் செய்யும் ஆய்வுக்குத் துணையே, மாற்று அன்று. துணையை மாற்று என்று விற்பவர் வணிகர்.

ஆற்றுதல்

ஈற்றுநோய்ப் பண்டுவத்தின் அடித்தளம் எந்த மூலக்கூற்று மருந்தும் அன்று. படலத்தையும் காரையையும் பல்லிலிருந்தும் வேரிலிருந்தும் நீக்குவதே அடித்தளம். காரையை எந்தப் பற்பொடியாலும் வீட்டில் நீக்க முடியாது. மருத்துவரின் கருவிதான் நீக்கும். "காரை எடுத்தால் பல் ஆடும்" என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. எலும்பு முன்பே கரைந்துவிட்ட பற்களைக் காரை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருக்கும். எடுத்ததும் உள்ள ஆட்டம் வெளிப்படும். கடன்பட்டவன் கணக்கைத் திறந்து பார்த்ததால் கடன் வந்தது என்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அடித்தளத்தின் மேல் எழுப்பக்கூடியவை சில உள. 1983இல், அமெரிக்காவின் சுட்டோனி புரூக்கில் கோலப் என்னும் அறிஞரின் குழு ஒரு புதுமை கண்டது. டெட்ராசைக்கிளின் வகை மருந்துகள் நுண்ணுயிரைக் கொல்வதோடு, அதனின் வேறாக, நார்வெட்டி நொதிகளையும் அடக்குகின்றன என்பதே அது. அதன் விளைவாக, நுண்ணுயிரைக் கொல்லப் போதாத சிற்றளவில், 20 மில்லிகிராம் டாக்சிசைக்கிளினை நாளுக்கு இருவேளை, காரை நீக்கத்துக்குத் துணையாகத் தரும் முறைக்கு 1998இல் அமெரிக்க அரசு ஒப்பளித்தது. பகைவனைக் கொல்லாமல், நம் படை நம் பயிரை மிதிப்பதைத் தடுக்கும் முறை இது. இதனைச் சொன்னதும் கடையில் வாங்கி விழுங்கிவிட வேண்டா. கருவுற்ற தாய்மார்க்கும் எட்டு அகவைக்குட்பட்ட சிறார்க்கும் இவ்வகை மருந்து ஆகாது. மருத்துவர் சொல்லாமல் எவர்க்கும் ஆகாது. பல்வலிக்கென்று நுண்ணுயிர்க்கொல்லியைத் தாமே வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்துவது நம் நாட்டில் பெருந்தீங்கு. மருந்துக்கு அடங்கா நுண்ணுயிரை நாமே வளர்க்கும் வழி அது.

இழந்த எலும்பைச் சில பள்ளங்களில் மீட்கவும் மூலக்கூறுகள் துணை செய்கின்றன. பன்றியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுத்த பற்சிப்பிப் புரதங்களைக் கொண்டு வேர்ப்பிடிப்பை மீண்டும் தூண்டும் முறை, 1990களில் சுவீடனில் உருவானது. திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதமொன்றுக்கு 2005இல் அமெரிக்காவும், வேறொன்றுக்கு 2016இல் சப்பானும் ஒப்பளித்தன. இவை எல்லாப் பள்ளத்துக்கும் ஆகா; எல்லார் பணப்பைக்கும் எட்டா.

எல்லார்க்கும் எட்டும் ஒன்று உண்டு. அதுதான் நீரிழிவு பற்றிய அறிவு. நீரிழிவு கட்டுக்கடங்காவிடின் ஈற்றுநோய் விரைகிறது. ஈற்றழற்சி நீடித்தால் குருதிச் சருக்கரை அடங்க மறுக்கிறது. 2018இல் வெளியான ஈற்றுநோய் வகைப்பாடு, நோயின் விரைவை மதிப்பிடுகையில் நீரிழிவையும் புகைத்தலையும் கணக்கில் சேர்க்கிறது. மூன்று திங்கள் சருக்கரைக் கணக்கு என்று ஆய்வகத் தாளில் வருமே, ஈற்றுநோய்க்கு முறையாகப் பண்டுவம் செய்தால், மூன்று நான்கு திங்களில் அக்கணக்கு சராசரியாக 0.43 அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் கண்டனர். சிறியதாகத் தோன்றும், நீரிழிவு மருத்துவரைக் கேளுங்கள், அது சிறியதன்று என்பார். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் எத்தனை பேர்க்கு இது தெரியும்? ஈற்றில் குருதி கசிவதை எத்தனை பேர் தம் நீரிழிவு மருத்துவரிடம் சொல்கின்றனர்? புகைப்பவர்க்கு நோய் இருந்தும் குருதி குறைவாகக் கசியும்; ஆகவே குருதி வரவில்லை, ஈறு நலமே என்று அவர் ஏமாறுவார். இதுவும் எத்தனை பேர்க்குத் தெரியும்?

மொழி செய்ய வேண்டிய பணி

ஏன் தெரியவில்லை? நம் மக்கள் அறிவு குறைந்தவரா? இல்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டியது அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்படவில்லை. நம் பல் மருத்துவ மாணவர் ஐந்தாண்டு ஆங்கிலத்தில் கற்கின்றனர்; நோயாளியின் ஏட்டை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர்; நோயாளியிடம் மட்டும் "ஈறு கெட்டுப்போச்சு, கிளீன் பண்ணணும்" என்று அரைச்சொல்லில் முடித்துவிடுகின்றனர். கெட்டது எது, கரைவது எது, இன்று நிறுத்தாவிட்டால் நாளை என்னாகும் என்பது அவர்களுக்கே தமிழில் சொல்ல வராது. அந்த அரைச்சொல்லுக்கும் முழுச்சொல்லுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் நம் மக்களின் பற்கள் விழுகின்றன.

ஆங்கிலம் கற்பதை நாம் பகைக்கவில்லை. உலக ஆய்வேடுகளைப் படிக்க அது வேண்டும். அறிவு ஆங்கிலத்துக்குள்ளேயே பூட்டிக் கிடப்பதைத்தான் பகைக்கிறோம். அதே வேளையில் நம்முள்ளும் ஒரு மயக்கம் உண்டு. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய முன்னோர்க்கு மூலக்கூறும் தெரியும் என்று மேடையில் முழங்குவோர் உளர். முன்னோர் பட்டறிவு போற்றத்தக்கது. ஆனால் அவர்கள் காணாததைக் கண்டதாகச் சொல்வது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. கண்டவர் எந்நாட்டவராயினும் அவர்க்கு உரிய பெயரை அளித்து, கண்டதைத் தமிழாக்குவதே தமிழ்ப்பணி.

இது புதுப்பணியும் அன்று. அதே இலங்கையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847இல் வந்து தங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழ் கற்றார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் பிறவும் தமிழ் நூல்களாக வரச் செய்தார். 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். அயலான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுக்கு முன் செய்ததை, தமிழ்த்தாயின் மக்களாகிய நாம் இன்று செய்ய இயலாது என்பது நாணத்தக்கது.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: இவ்வவையில் உள்ள பல் மருத்துவரும் மாணவரும், ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் நோயின் நிலையை நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள். பள்ளத்தின் ஆழம், எலும்பின் அளவு, செய்ய வேண்டுவது, மீண்டும் வரவேண்டிய நாள் என நான்கு வரி போதும். இரண்டு: நம் கிளைகள் ஈற்றுநோய் பற்றி எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்றை வெளியிடட்டும். படலம், காரை, பள்ளம், நார்வெட்டி நொதி, எலும்புக்கரைவு என்னும் சொற்கள் ஊர்ச் சொற்களாகட்டும். என் சொல்லைவிடச் சிறந்த சொல் கிடைப்பின் அதனையே வைத்துக்கொள்க. சொல் யார் படைத்தது என்பது பொருட்டன்று, மக்கள் வாயில் நிற்பதே பொருட்டு. மூன்று: அச்சிறுநூலின் முதற்கட்டுப் படிகள் மலையகத்துக்குச் செல்லட்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற்றுவிட்ட அம்மக்களின் பேரப்பிள்ளைகள் கையில், "உம் பாட்டன்மாரின் வாயிலிருந்து உலகம் கற்றது இது" என்று சொல்லிக் கொடுக்கட்டும்.

நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாளைக் காலை பல் துலக்கும்போது உமிழும் நீரைப் பாருங்கள். சிவந்திருந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் மிகும். ஈற்றோரத்தில் மென்மையாக, இரவும் காலையும் துலக்குங்கள். சாம்பலும் செங்கற்பொடியும் புகையிலைப் பொடியும் வேண்டா. இரண்டு கிழமையில் குருதி நிற்காவிடின் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்வது புரியாவிடின், "தமிழில் சொல்லுங்கள், ஐயா" என்று கேளுங்கள். அது கெஞ்சிக் கேட்கும் கொடையன்று, உங்கள் உரிமை.

தமிழன் வாயைத் திறந்து உலகம் கற்றுக்கொண்டது. இனித் தமிழன் தன் வாயால் அதனைச் சொல்லட்டும்.